ஒரே ஆணியில் இரண்டு பத்தியம்

போன வாரம் நாவலூரில் மகள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. பளபளவென்று பச்சை உறை, மேலே ஓர் இதயத்தின் படம், உள்ளே அரைக் கிலோ பார்லி. வீட்டில் எல்லோரும் உடம்பைக் குறைக்கிறார்கள். ஓரத்தை நறுக்கி மூக்கருகே கொண்டுபோனேன். காய்ந்த வைக்கோலும் சாக்குத் தூசியும் கலந்த வாசனை. "புறாக் கூண்டு வாசனை அடிக்குது" என்றேன். பழைய பொட்டலத்துக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் பாராட்டாகத்தான் சொன்னேன். யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பார்லி வாங்கியது புறாக்களுக்காக. இடையில் இரண்டு நாள் அப்பா சாப்பிட்டார், அது தவறுதலாக நடந்தது.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கட்டியது. கீழே மூன்று அறைகள், மேலே மொட்டை மாடி, மாடியில் அண்ணனின் புறாக் கூண்டு. கூண்டில் எட்டுப் புறாக்கள். கோயில் கோபுரத்தில் உட்காரும் புறாக்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை பந்தயப் புறாக்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். அதுதான் அவற்றின் படிப்பு, உத்தியோகம் எல்லாம்.

எங்கள் புறாக்களும் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. மற்றவர்களின் புறாக்கள் வந்து, தின்று, குளித்து, இறகு கோதி முடித்த பிறகு வரும்.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். பேசுவது குறைவு. புறாவோடு மட்டும் பேசுவான். தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்தில் பந்தயம் விடுகிறவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். குரோம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் அவர்களுக்குச் செயலாளர். மற்ற பத்துப் பேரும் ஏதாவது ஒரு பந்தயத்திலாவது ஜெயித்திருந்தார்கள். அண்ணன் எல்லாப் பந்தயத்திலும் கலந்துகொண்டிருந்தான்.

அம்மாவுக்குப் புறாக்களைப் பிடிக்காது. வத்தல் காய வைக்க இடமில்லை, மாடியெல்லாம் எச்சம், தும்மல் வருகிறது என்று காரணங்கள் வைத்திருந்தாள். அந்த வருஷம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த சீசன்ல மொத மூணு எடத்துக்குள்ள ஒரு தபா வா. இல்லன்னா எல்லாத்தயும் வித்துட்டு மனுஷனா இரு."

"சரிம்மா" என்றான் அண்ணன். சரி என்று சொன்னால் அவன் செய்துவிடுகிற ஆள். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குரோம்பேட்டையில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எதையும் எடை போட்டு, பட்டியல் எழுதி, ஆணியில் மாட்டிவிட்டால் உலகம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி அப்போது வீடுகளுக்கு வரவில்லை. சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் கவலையில்லை. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

அப்பாவுக்குச் செங்கல் நிறம் வந்தது. நான்தான் காய்ச்சினேன். நல்ல சூளையில் வெந்த செங்கல்.

டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியத்தை நான் அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். அரைக் கரண்டி சோறு, இரண்டு சப்பாத்தி, கீரை, மோர். வெல்லம் கூடாது, வாழைப்பழம் கூடாது, கிழங்கு கூடாது, எண்ணெய்ப் பண்டம் கூடாது, வேர்க்கடலை கூடாது. சமையலறை ஆணியில் மாட்டினேன்.

அதே வாரம் அண்ணன் எங்கிருந்தோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பக்கங்களைக் கொண்டுவந்தான். குறுந்தூரப் பந்தயத்துக்குப் புறாவுக்கு எப்படித் தீனி போட வேண்டும் என்று அதில் இருந்தது. அதுவரை அவன் எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே தீனிதான் போட்டிருக்கிறான். படித்துச் சொன்னேன். நாள் முழுக்கப் பறக்கும் புறாவுக்குத்தான் கொழுப்பு வேண்டும், வேர்க்கடலை வேண்டும். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் பந்தயத்துக்கு அது பாரம். வாரத் தொடக்கத்தில் பார்லியை அதிகம் கொடுத்து உடம்பை லேசாக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாள் மக்காச்சோளத்தையும் அரிசியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு முப்பது கிராம், அதற்கு மேல் கிடையாது. முக்கியமாக, வயிறு ஒருபோதும் நிறையக் கூடாது.

"பட்டினி போட்டா பறக்குமா?" என்றான் அண்ணன்.

"பட்டினி இல்லண்ணா. பசி. வீட்டுக்குப் போனா சாப்பாடு இருக்குன்னு அதுக்கு ஞாபகம் இருக்கணும்."

ஏனென்றால் புறா வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது. கூண்டுக்குள் நுழைய வேண்டும். பந்தயத்துக்கென்று காலில் மாட்டிவிடும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரை வைத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டு ஓர் அழுத்து அழுத்த வேண்டும். அந்த அழுத்துதான் அது வந்து சேர்ந்த நேரம். மாடிச் சுவரில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கிற புறா, கணக்குப்படி இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

புறாக்களின் பட்டியலையும் எழுதி, அப்பாவின் பட்டியல் இருந்த அதே ஆணியில் மாட்டினேன். அங்கே வேறு ஆணி இல்லை.

இதனால் ஒரு குழப்பம் நடந்தது. காற்றில் தாள்கள் முன்பின்னாகிவிட்டன. அம்மா கண்ணாடி போடாமல் மேலே இருந்ததைப் படித்தாள். இரண்டு நாள் அப்பா காலையில் பார்லிக் கஞ்சியும் மத்தியானம் பார்லிச் சோறும் சாப்பிட்டார். புறாக்களுக்கு அம்மா சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள். அவை ஆட்சேபிக்கவில்லை. இரண்டு நாளும் அப்பாவுக்குச் சோதனைக் குழாய் பச்சையைத் தாண்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விஷயம் தெரிந்தபோது அப்பா அமைதியாகச் சொன்னார்: "அதான் பார்த்தேன். நேத்துலேந்து செவுத்துமேல போய் குந்தணும் போல கீது."

மூன்றாம் நாள் தாள்கள் சரியாக மாட்டப்பட்டன. அப்பாவின் குழாய் மறுபடி ஆரஞ்சு ஆனது. நான் டாக்டரின் பட்டியலைச் சந்தேகப்பட்டேன். பட்டியலை எழுதிய என்னைச் சந்தேகப்பட்டேன். அப்பாவைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

புறாக்களும் சரியாகவில்லை. செங்கல்பட்டிலிருந்து பயிற்சிக்கு விட்டால் ஊர் சுற்றிவிட்டு வருவதுபோல வந்தன. அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பார்லி துன்ற புறாவா இது? கல்லு மாதிரி கீது" என்றான். நான் தராசைக் கழுவித் துடைத்து மறுபடி எடை போட்டேன். முப்பது கிராம் முப்பது கிராமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மின்சாரம் போய் லேபை மத்தியானமே மூடிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போனேன். மடக்கு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகு பகலில் அவர் இடம் அதுதான். பறவைகளைப் பூனையிடமிருந்து காப்பாற்றுவதாகப் பேர். அவர் முழங்கால்மேல் செம்பழுப்பு நிறப் பெட்டைப் புறா ஒன்று நின்றுகொண்டிருந்தது. செவலை என்று அதற்கு அவர்தான் பேர் வைத்தார். எட்டில் அதுதான் வேகமானது, வேகம் இருந்தவரை. மற்ற ஏழும் காலடியில். அப்பா ஒரு வேர்க்கடலையை உடைத்தார். ஒரு பருப்பு செவலைக்கு. ஒரு பருப்பு அவருக்கு. பிறகு பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டப்பாமேல் அண்ணன் கையெழுத்தில் 'செங்கல் பொடி' என்று எழுதியிருந்தது. புறாக்களின் செரிமானத்துக்காக வைத்திருந்த டப்பா. வீட்டில் வேறு யாரும் அதைத் திறக்க மாட்டார்கள்.

"அப்பா!"

அவர் திடுக்கிடவில்லை. வாயில் இருந்ததை முழுங்கினார். "நீ இன்னாம்மா இந்நேரத்துல?"

"கடலை சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கு இல்ல? சரி, நீங்க சாப்பிடறீங்க. அதுங்களுக்கு ஏன் போடறீங்க?"

அப்பா கீழே பார்த்தார். எட்டுப் புறாக்களும் அவரைப் பார்த்தன.

"எட்டு பேரும் என் வாயையே பாத்துகினு கீறாங்க. நான் மட்டும் எப்டிம்மா துன்றது?"

வெல்ல டப்பாவை எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் அவர் வலது காலைக் கவனித்தேன். இரண்டாவது விரலில் துணி சுற்றியிருந்தது. புதுச் செருப்பு கடித்ததாம். மூன்று வாரம் ஆகிறதாம். பிரித்துப் பார்த்தேன். லேபில் வேலை பார்க்கும் பெண் பார்த்த உடனே ஆட்டோ கூப்பிட்டிருக்க வேண்டிய புண் அது.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. அண்ணன்கிட்டயும் சொல்லாத, மனசு உட்டுடுவான். இன்னையோட நிறுத்திடறேன். சத்தியமா."

நான் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது, அதனால் நம்பினேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டினேன். வெல்லத்தை எடுத்து அடுத்த வீட்டு முருங்கை மரத்தடியில் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் புறாக்கள் கொஞ்சம் இளைத்தன. அவற்றின் விஷயத்தில் அப்பா வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். தன் விஷயத்தில் காப்பாற்றவில்லை. முறுக்கிய கயிறுபோலச் செவலை மறுபடி வானத்தில் சுழல ஆரம்பித்தபோது, அப்பாவின் விரல் கறுக்க ஆரம்பித்தது.

அந்த சீசனின் கடைசிப் பந்தயம் விழுப்புரத்திலிருந்து. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் போகும் என்றார்கள். ஞாயிறு காலையிலேயே செய்வதென்று முடிவாயிற்று. அண்ணன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, பந்தயத்தை விட்டுவிடுவதாகச் சொன்னான்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் திருப்பினார். "வெரலு என்னுது. நீ இங்க நின்னு இன்னா புடுங்கப் போற? போய் புறாவ ஏத்து."

அம்மா அப்பாவோடு தங்கிக்கொண்டாள். சாயங்காலம் அண்ணன் செவலையையும் இன்னும் மூன்றையும் கூடையில் வைத்துச் சைக்கிள் கடைக்காரரின் வேனில் ஏற்றிவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் நானும் அண்ணனும் மாடியில் நின்றோம். அவன் கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, கடிகாரப் பெட்டியைத் துண்டு விரித்து அதன்மேல் வைத்திருந்தான். தெற்கே வண்டலூர்க் குன்று தெளிவாகத் தெரிந்தது. விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு வட்டமிட்டது. எட்டே முக்காலுக்கு முன்னால் எதுவும் வர வாய்ப்பில்லை என்று அண்ணன் சொன்னான். சொல்லி வாயை மூடவில்லை. குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி.

தனியாக வந்தது. தாழ்வாக, தென்னை மட்டத்தில், இறக்கையை அடிப்பதே தெரியாமல் வந்தது. செவலை. பதினோரு வீடுகளில் எங்கேயும் இன்னும் ஒரு புறாகூட இறங்கியிருக்க முடியாது என்று அண்ணனுக்குத் தெரிந்தது. அது மாடிச் சுவரில் வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, சிறகை மடக்கிக்கொண்டது. கூண்டுக்கு நாலடி தூரம்.

அண்ணன் பார்லி டப்பாவை ஆட்டினான். வரவில்லை. விசிலடித்தான். வரவில்லை. பசியோடுதான் இருந்தது, முப்பது கிராமுக்கு மேல் ஒரு மணிகூடப் போடவில்லை. ஆனால் அது கூண்டைப் பார்க்கவில்லை. மடக்கு நாற்காலியைப் பார்த்தது. நாற்காலி காலியாக இருந்தது. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு இன்னொரு கண்ணால் பார்த்தது.

அண்ணன் அரிசியைப் போட்டான், மக்காச்சோளத்தைப் போட்டான், கெஞ்சினான். "வாடி என் கண்ணு. வா. வந்துடு." நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் போயிற்று. அடுத்த தெருக்களின் மேல் வேறு புறாக்கள் இறங்குவதைப் பார்த்தோம். அண்ணன் கூண்டுக் கதவில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். "இது ஏன் இப்டி பண்ணுது?" என்றான்.

எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அது நேரமில்லை. அப்பா தினமும் மாடியில் போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா செருமுவதுபோல அடித்தொண்டையில் இரண்டு தடவை செருமினேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

செவலை என் முழங்காலில் வந்து இறங்கியது. அண்ணன் பாய்ந்து பிடித்து வளையத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அழுத்தினான். சுவரில் அது ஒன்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தது. வளையம் போன பிறகும் அது என் சட்டைப் பைக்குள் அலகை விட்டுத் தேடியது. பையில் இரண்டு வேர்க்கடலைத் தோல்கள் இருந்தன.

நாலாவது இடம். மூன்றாவதாக வந்த புறாவுக்கும் எங்களுக்கும் முக்கால் நிமிஷம்கூட வித்தியாசமில்லை என்று சைக்கிள் கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா விழித்திருந்தார். கால் பெரிய வெள்ளைக் கட்டாக இருந்தது. "எத்தினாவது?" என்றார். அண்ணன் சொன்னான். சுவரில் உட்கார்ந்ததையும் சொன்னான், நாற்காலியைப் பார்த்ததையும் சொன்னான்.

"அதும்மேல தப்பு இல்லடா. நான்தான் கெடுத்து வச்சிட்டேன்" என்று தொடங்கி அப்பா எல்லாவற்றையும் சொன்னார். கடலை, வெல்லம், எட்டுப் பேர் பார்த்தது, நான் பார்த்தது. அவர் சத்தியம் செய்தது, அதன் பிறகு வேறு வெல்லம் வாங்கியது.

முடிந்த பிறகு அம்மா ஒரே கேள்வி கேட்டாள்.

"எந்த டப்பாவுல?"

"செங்கல் பொடி டப்பாவுல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் சலைன் பாட்டிலில் சொட்டு இறங்குவதைப் பார்த்தேன். "தெரிஞ்சும் இருந்தியா நீ?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் லேபுக்குப் போய் மற்றவர்களின் குழாய்களைக் காய்ச்சினேன். நீலம் வந்தவர்கள்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

அப்பா வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் அம்மாவிடம், "சைக்கிள் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்மா. ஞாயித்துக்கெழமை வந்து புறாவ எடுத்துக்குவாரு" என்றான். சரி என்று சொன்னதைச் செய்கிற ஆள் என்று சொன்னேனே.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அந்த மனுஷன் மொதல்ல மாடி ஏறட்டும். அப்பறம் பாக்கலாம்."

மாடி ஏற ஏழு வாரம் ஆயிற்று. ஏறிய அன்று சாயங்காலம் வரை கீழே இறங்கவில்லை. விற்பது பற்றி யாரும் பிறகு பேசவில்லை. அம்மா மட்டும் தினமும் காலையில் எல்லா டப்பாக்களையும் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே அப்பாவை மேலே அனுப்புவாள். தும்மிக்கொண்டே செய்வாள்.

அப்பா ஒன்பது விரல்களோடு இன்னும் ஆறு வருஷம் இருந்தார். பெரும்பாலும் நீலம், தீபாவளிக்கு மட்டும் மஞ்சள். அண்ணன் இரண்டு தடவை இரண்டாவது வந்தான், ஒரு தடவை மூன்றாவது. முதலாவது கடைசிவரை வரவில்லை. அப்பா போன மறுநாள் காலையில் புறாக்களுக்குத் தீனி போட்டது அம்மா. எடை போடாமல் போட்டாள்.

இன்று அந்த நீல மருந்தைக் காய்ச்சத் தெரிந்தவர்கள் என் வயதுக்காரர்கள்தான். நான் வேலை பார்த்த லேப் இருந்த இடத்தில் செல்போன் கடை. மீட்டர் கேஜ் ரயில் போய்விட்டது. எங்கள் மாடியிலிருந்து தெரிந்த வண்டலூர்க் குன்றை இப்போது பார்க்க வேண்டுமானால் ஏழாவது மாடியில் வீடு வாங்க வேண்டும். சைக்கிள் கடைக்காரரும் அவர் கடிகாரப் பெட்டிகளும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அண்ணனும் இப்போது இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவும் போன பிறகு வீட்டை ஒரு பில்டருக்குக் கொடுத்தோம். புறாக்களைப் படப்பையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் வெளியே விடாமல் வைத்திருந்தால் பழைய வீடு மறந்துவிடும் என்று சொல்லித்தான் கொண்டுபோனார். இடித்து, பள்ளம் தோண்டி, தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது ஏதோ கையெழுத்துக்காக அண்ணனும் நானும் அங்கே போனோம். வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்றே பிடிபடவில்லை. நிறுத்தி வைத்திருந்த கம்பிகளில் ஒன்றின் நுனியில் ஒரு செம்பழுப்புப் புறா உட்கார்ந்திருந்தது. செவலையின் பேத்தி. கழுத்தைச் சாய்த்து எங்களை ஒரு கண்ணால் பார்த்தது.

மணல் சலித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "யார் வூட்டுப் புறா சார் இது? தெனம் வந்து குந்திகினே கீது. சாப்பாடு போட்டாக்கூட துன்ன மாட்டேங்குது" என்றாள்.

"தெரிலம்மா" என்றான் அண்ணன்.

ஏழு நாள் குஞ்சாக இருந்தபோது அதன் காலில் உலோக வளையம் மாட்டியவன் அவன்தான்.